முதல் கரண்டி

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை எங்கள் கோட்டுச்சேரி வீட்டில் ஆளுக்கொரு வேலை நடந்துகொண்டிருந்தது. கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்து, என் வீட்டுக்காரர் மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கொல்லைப்புறக் குழாயடியில் சம்பந்தியம்மா அஞ்சலாட்சி மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். விடியலில் காரைக்கால்மேட்டுக் கரையில் இறங்கிய கிழங்கான் மீன். அடுப்படியில் அவருடைய மகளும் என் மருமகளுமான கயல்விழி மண்சட்டியில் வெந்தயம் தாளித்துக்கொண்டிருந்தாள்.

நான் எந்த வேலையும் இல்லாதவளாகத் தயிர் வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குழம்பு கொதிக்கும் வாசனை என்னை வந்து பிடித்துக்கொண்டது. வாயில் எச்சில் ஊறியது. தெருவில் சைக்கிளில் போனவர்கூட ஒரு தடவை எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அந்த வாசனைக்கு நடுவிலேயே உட்கார்ந்து மாங்காய் நறுக்கியவருக்கு மட்டும் அது தெரியவில்லை. அவருக்கு வாசனை என்ற ஒன்றே இல்லாமல் போய் வருஷக்கணக்காகியிருந்தது.

பள்ளிக்கூட பஸ் பயணங்களைப் பற்றி நான் சென்ற வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார், இத்தனை வாரமாக எழுதுகிறீர்களே, உங்கள் வீட்டில் என்ன சமையல் என்று ஒரு வாரமும் சொல்லவில்லையே என்று. கணக்கு டீச்சரிடம் கேட்கிற கேள்வியா இது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அவருடைய மூக்கு

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். குழம்பு இறங்கியதும், யாரும் சாப்பிட உட்காரும் முன்னால், முதல் கரண்டியில் கொஞ்சம் எடுத்து அவருடைய உள்ளங்கையில் ஊற்ற வேண்டும். அவர் அதை உடனே நக்கிவிட மாட்டார். கையை முகத்துக்கு அருகே கொண்டுபோய், கண்ணை மூடி, ஒரு தடவை மோந்து பார்ப்பார். அதற்குப் பிறகுதான் வாய்க்குப் போகும். அதற்கும் பிறகு தீர்ப்பு வரும்.

தீர்ப்பு என்றால் பாராட்டு என்று நினைத்துவிடாதீர்கள். கல்யாணமாகி வந்த புதிதில் அந்தத் தீர்ப்புகளால் நான் அழுத அழுகைக்கு அளவில்லை. பெருங்காயம் பழசு என்பார். நேற்று துருவிய தேங்காயா என்பார். கறிவேப்பிலையைப் போடவேண்டிய நேரத்தில் போடாமல் பிறகு போட்டாயா என்பார். எல்லாம் உண்மையாக வேறு இருந்து தொலைக்கும். அதுதான் எரிச்சல்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். குரும்பகரத்தில் இருக்கும் என் அண்ணன், தை அறுவடை முடிந்ததும் எங்களுக்குப் புது அரிசி அனுப்பிவைப்பார். ஒரு வருஷம் அந்த அரிசி முன்னதாகவே தீர்ந்துவிட்டது. கடையில் நல்ல அரிசியாகப் பார்த்து வாங்கி, யாரிடமும் சொல்லாமல் வடித்தேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். சோறு கொதிக்கும்போது அவர் அடுக்களைப் பக்கம் தண்ணீர் குடிக்க வந்தார். சொம்பைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்று, உங்க அண்ணன் அரிசி தீந்துடுச்சா என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். மூக்குக்கண்ணாடிகூட ஒழுங்காக நிற்காத சின்ன மூக்கு அது. அதற்குள் எங்கள் ஊர் வயல் எப்படிப் போய் உட்கார்ந்துகொண்டது என்று அன்று முழுவதும் யோசித்தேன். இப்போதும் எனக்கு விடை தெரியாது.

கற்பூரம்கூட அவருக்குப் பாடம்தான். வீட்டில் விளக்கேற்றுவது அவர் வேலை. சூடத் தட்டை ஏற்றும்போதே, இது கலப்படம், அந்தக் கடையில் இனிமேல் வாங்காதே என்பார். சாமிக்குத் தெரியாத கலப்படம் உங்களுக்கு எப்படித் தெரிகிறது என்று நான் கேட்பேன். சாமிக்குப் பெரிய மனசு, சொல்ல மாட்டார் என்பார்.

நல்லா இருக்கு

ஊரையே கதவடைக்க வைத்த அந்தப் பெரிய காய்ச்சல் ஓய்ந்த பிறகும் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்ததல்லவா, அதில் எங்கள் வீடும் படுத்தது. நான் எழுந்தேன். என் மகன் எழுந்தான். அவரும் எழுந்தார். எல்லோரும் பிழைத்தோம் என்று அண்ணன் கோயிலுக்குப் போய்வந்தார்.

அதற்குப் பிறகு அவர் எதற்கெடுத்தாலும் நல்லா இருக்கு என்று சொல்ல ஆரம்பித்தார். முதல் கரண்டியைக் கையில் ஊற்றினால் வாயில் போட்டுக்கொண்டு, நல்லா இருக்கு. ரசம் நல்லா இருக்கு. துவையல் நல்லா இருக்கு. இத்தனை வருஷம் கழித்து எனக்குச் சமையல் வந்துவிட்டது என்று நானும் கொஞ்ச நாள் பெருமையோடு திரிந்தேன்.

ஒருநாள் பருப்பு அடிப்பிடித்துவிட்டது. போன் பேசிக்கொண்டு நின்றதில் நன்றாகவே தீய்ந்துவிட்டது. வீடு முழுக்கப் புகை நாற்றம். வேறு வைக்கலாம் என்று நான் பாத்திரத்தை எடுப்பதற்குள் அவர் தட்டில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்து, நல்லா இருக்கு என்றார்.

அன்றுதான் எனக்கு விளங்கியது. கேட்டபோது ஒப்புக்கொண்டார். உப்பு தெரிகிறது, புளிப்பு தெரிகிறது, காரம் தெரிகிறது, மற்றது ஒன்றும் இல்லை என்றார். என்னை வருத்தப்படுத்த வேண்டாம் என்று சொல்லாமல் இருந்தாராம்.

அவர் சாப்பிடுவது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள, ஒரு மத்தியானம் யாரும் இல்லாதபோது மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மிளகு ரசம் குடித்துப் பார்த்தேன். புளித்த வெந்நீர். சாம்பாரையும் குடித்தேன். அதுவும் புளித்த வெந்நீர், கொஞ்சம் கெட்டியாக. மூக்கை விட்டதும் பூண்டும் மிளகும் கொத்தமல்லியும் திரும்பி வந்தன. எனக்கு விட்டால் வந்துவிட்டது, அவருக்கு வரவில்லையே என்று அடுப்பு மேடையில் சாய்ந்து நின்று அழுதேன்.

நடுவில் சில மாதங்கள் இன்னும் மோசம். வாசனை திரும்புவதற்குப் பதிலாக, எதை முகத்தருகே கொண்டுபோனாலும் அவருக்குத் தீய்ந்த வாடை அடித்தது. காப்பி தீய்ந்த வாடை. வெந்த இட்லி தீய்ந்த வாடை. மல்லிகைப் பூவும் அதே வாடை. டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். நரம்பு குணமாக முயற்சி செய்கிறது, அதனால்தான் இப்படி என்று டாக்டர் சொன்னார். பிறகு அந்த வாடையும் போய், முன்போல ஒன்றுமில்லாமல் ஆனது.

மாத்திரை போடுகிற மாதிரி சாப்பிட்டார். சட்டைகள் தோளில் தொங்கின. விருந்து, விசேஷம் எதற்கும் வருவதில்லை என்றாகிவிட்டது. ஒரு வாய் கூடச் சாப்பிடுங்கள் என்றால், எதுக்கு என்று கேட்பார். இப்படியே இந்த மனிதர் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போய்விடுவாரோ என்ற பயம் எனக்குள் குடியேறியது.

மறுபடி டாக்டரிடம் போனோம். இவ்வளவு நாள் ஆகிவிட்டது, திரும்பி வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆனாலும் பழகின வாசனைகளைத் தினமும் மோந்து பார்த்துக்கொண்டே இருங்கள், விட்டுவிடாதீர்கள் என்றார்.

நான் மனதுக்குள் விட்டுவிட்டேன். யாருக்காகப் பார்த்துப் பார்த்துச் சமைப்பது? பாக்கெட் பொடி வாங்கினேன். வாரம் முழுக்க ஒரே சாம்பார் வைத்தேன். ஆனால் முதல் கரண்டியை மட்டும் நிறுத்தவில்லை. அதை நிறுத்தினால் அவருடைய மூக்குக்கு நானே காரியம் செய்துவிட்ட மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது.

ஒரு சட்டிக்கு ஒரு வாசனை

இந்த நிலைமையில்தான் கயல்விழி மருமகளாக வந்தாள். மகனுக்குத் திருச்சியில் வேலை, வாரக் கடைசியில் வருவான். இவளுக்கு டவுனில் வேலை என்பதால் எங்களோடு இருந்தாள். அப்பா படகுக்காரர், அம்மா அஞ்சலாட்சி மீன் வியாபாரம். மாமியாரிடம் பயந்து பேசுகிற பழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. வந்த சில நாட்களிலேயே அடுக்களை அலமாரியிலிருந்த பாக்கெட்டுகளை எல்லாம் எடுத்துக் கீழே வைத்தாள்.

"அத்தை, இதுல பத்து சாமான் கெடக்கு. பத்தையும் ஒண்ணாக் கொட்டுனா மாமா மூக்கு எதத்தான் புடிக்கும்? ஒரு சட்டிக்கு ஒரு வாசனை வைப்போம். அது ஒண்ணாவது வருதான்னு பாப்போம்."

எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அவள் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சமையல் மாறியது. அந்தந்தப் பருவத்தில் கொல்லையிலும் சந்தையிலும் எது புதுசாக இருக்கிறதோ அது ஒன்றுதான் அன்றைய ராஜா. மற்றதெல்லாம் உப்பும் காரமுமாக ஒதுங்கி நிற்கும்.

மார்கழியில் பச்சை மொச்சையை உரித்து, வெறும் சீரகம் தட்டிப் போட்டுக் குழம்பு. பொங்கல் முடிந்ததும் குரும்பகரத்துப் புது அரிசியில் கஞ்சி, தொட்டுக்கொள்ள உப்பு மட்டும். மாசியில் கத்தரிக்காயைத் தணலில் சுட்டு ஒரு துவையல். பங்குனியில் வேப்பம்பூ ரசம். மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையேறி நிற்கும்போது, முருங்கைக்காயும் மாங்காயும் போட்டுக் கருவாட்டுக் குழம்பு.

இவ்வளவு குறைவாகப் போட்டு இவ்வளவு ருசி வரும் என்று இத்தனை வருஷம் சமைத்த எனக்குத் தெரியாது. சுட்ட கத்தரிக்காயின் தோலை உரிக்கும்போது எழும் அந்தப் புகை மணத்தை முதன்முறையாக மோந்தவள் மாதிரி நின்றிருக்கிறேன். அதைச் சொல்ல வேண்டிய ஆள் பக்கத்தில் உட்கார்ந்து, நல்லா இருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தினமும் காலையில் கயல் ஒரு தட்டை அவர் முன்னால் வைப்பாள். ஒரு கொத்துக் கறிவேப்பிலை, தட்டிய இஞ்சி, ஒரு பல் பூண்டு, ஒரு சிட்டிகை காப்பிப் பொடி. அதோடு அன்றைக்குச் சமைக்கப்போகிற காயோ கீரையோ ஏதாவது ஒன்று. அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணை மூடிப் பள்ளிப் பிள்ளை மாதிரி சிரத்தையாக மோந்து பார்ப்பார். பிறகு தலையை ஆட்டுவார். சரி மாமா, நாளைக்குப் பாப்போம் என்று அவள் பையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவாள். அந்த நேரம் நான் பாத்திரம் கழுவுகிற சாக்கில் திரும்பி நின்றுகொள்வேன்.

மடியில் விழுந்தது

எங்கள் ஊரில் ஆனி மாதம் மாங்கனித் திருவிழா. சுவாமி வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுவார்கள். கீழே ஜனம் கையேந்தி நிற்கும். கிடைத்த பழத்தைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டால் நினைத்தது நடக்கும் என்பது நம்பிக்கை. பெரும்பாலும் பிள்ளை வரம் கேட்கிறவர்கள்தான் நிற்பார்கள்.

நான் கணக்கு டீச்சர். சாமியை மரியாதையோடு கும்பிடுவேனே தவிர, பேரம் பேசுகிற வழக்கம் இல்லை. மாங்கனிக் கூட்டத்தைப் பார்த்தால், வீசுகிற வேகத்தில் மண்டை உடையாமல் இருந்தால் சரி என்று கேலி பேசியவள்தான்.

அந்த வருஷம் நான் போனேன். வீட்டில் ஜவுளிக் கடைக்கு என்று சொல்லிவிட்டுப் போய், கூட்டத்தில் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற பெண் என்னை உற்றுப் பார்த்து, டீச்சர்தானே என்றாள். என்னிடம் படித்தவள். யாருக்கு டீச்சர், மருமகளுக்கா என்று ஆசையாகக் கேட்டாள். சாருக்கு என்றேன். அவள் என்ன புரிந்துகொண்டாளோ, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியதைப் பார்த்தேன்.

சுவாமி நெருங்கியதும் நாலாபக்கமும் பழங்கள் பறந்தன. ஒன்று என் மூக்குக்கண்ணாடியில் பட்டு, அதைக் கோணலாக்கிவிட்டு, முந்தானைக்குள் விழுந்தது. நான் பிடித்தேன் என்று சொல்ல முடியாது. அது என்னைப் பிடித்தது. பச்சையும் மஞ்சளுமாக இருந்த செங்காய், காம்பில் பால் பிசுக்கு இன்னும் ஒட்டியிருந்தது. அத்தனை கூட்டத்தில் ஒரு காய் வந்து நம் மடியில் விழுகிறது என்றால் என்ன கணக்கு என்று, எல்லாவற்றுக்கும் கணக்குப் பார்க்கிற எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அங்கேயே நின்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். இவர் பழையபடி என் சமையலில் குறை சொல்லவேண்டும், அது போதும் என்று கேட்டேன். உலகத்தில் வேறு எந்தப் பெண்டாட்டியும் சாமியிடம் இதைக் கேட்டிருக்க மாட்டாள்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது. பழுத்ததும் நறுக்கித் தயிர்சாதத்தோடு அவருக்குக் கொடுத்துவிட்டு அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வெளியே வைத்தால் அணில் வந்துவிடும். பூஜை அலமாரியில் ஒரு பெரிய பித்தளை டப்பா உண்டு. பச்சைக் கற்பூரத்தையும் விபூதியையும் அதில்தான் கட்டி வைப்போம். அன்றாடம் எடுப்பது சின்னச் சிமிழிலிருந்து, பெரிய டப்பாவை எப்போதாவதுதான் திறப்போம். மாங்காயை அதற்குள் வைத்து மூடிவிட்டேன்.

மண்சட்டி இறங்கியது

திருவிழா முடியும்வரை எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. முடிந்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமைதான் அஞ்சலாட்சி மீனோடு வந்தார். அந்த வாரம் மகன் வரவில்லை. தடைக்காலம் கழிந்து படகுகள் போய்வந்துகொண்டிருந்த நேரம். செவுளைத் தூக்கிக் காட்டினார், ரத்தச் சிவப்பாக இருந்தது. புதுமீனுக்கு வாடையே இருக்காது சம்பந்தி, கடல் தண்ணி மணம்தான் இருக்கும் என்றார். மோந்து பார்த்தேன். உண்மைதான். மீன் என்றால் மீன் நாற்றம் என்று வயல்காட்டில் வளர்ந்த நான் நினைத்திருந்தேன். கடல் இப்படிச் சுத்தமாக மணக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மீன்குழம்பில் மாங்காய் கடைசியாகத்தான் போகும். செங்காயாக இருந்தால் ஒரு கொதிதான், இல்லாவிட்டால் கரைந்துவிடும். கயல் மாங்காய்த் துண்டுகளைப் போட்டுக் கரண்டி வைக்காமல் சட்டியை இரண்டு கையாலும் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினாள். நான் தட்டுகளை வைத்தேன். கரண்டியை எடுத்தேன். பழக்கம்தான். அவர் கையை நீட்டினார். அதுவும் பழக்கம்தான்.

மூக்கு போன நாளிலிருந்து அவர் கையை நேராக வாய்க்குத்தான் கொண்டுபோவார். அன்றும் அப்படித்தான் தூக்கினார். பாதி வழியில் கை நின்றது. புருவம் சுருங்கியது. கையை இன்னும் கொஞ்சம் மேலே கொண்டுபோனார்.

"என்னம்மா இது, கொழம்புல கற்பூர வாசனை அடிக்குது?"

அந்த மாங்காயை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன். காலையில் சிமிழில் கற்பூரம் தீர்ந்துவிட்டது, பெரிய டப்பாவைத் திறந்தேன், உள்ளே மாங்காய் இருந்தது, நீதான் கண்ணாடியையே ஃப்ரிட்ஜில் வைக்கிறவள் ஆயிற்றே, மறதியில் வைத்துவிட்டாய் என்று எடுத்துக் கூடையில் போட்டேன் என்றார். கையெல்லாம் கற்பூரம் மணத்திருக்கும். வேறு யார் எடுத்திருந்தாலும் தெரிந்திருக்கும். அவருக்குத் தெரியவில்லை, நறுக்கிவிட்டார்.

நான் தலையில் கையை வைத்துக்கொண்டேன். அது சாமி மாங்காய் ஆயிற்றே, கவிச்சியில் போட்டுவிட்டீர்களே, இனி என்ன பரிகாரம் செய்வது, சட்டியோடு கொண்டுபோய்க் கொட்டவேண்டியதுதானா என்று படபடவென்று பேசிக்கொண்டே போனேன். மடியில் வந்து விழுந்ததைக் காப்பாற்றத் தெரியாமல் போய்விட்டதே என்று எனக்கு அழுகை முட்டியது.

கயல் என் கையைப் பிடித்தாள்.

"அத்தை. மாமா இப்ப என்ன சொன்னாங்கன்னு கேட்டீங்களா?"

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழம்பு விரலிடுக்கில் வழிந்து தட்டில் சொட்டியது. மெதுவாகக் கையை மறுபடியும் முகத்தருகே கொண்டுபோனார். ஆமா, கற்பூரம்தான் என்றார். சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது.

கரண்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். கற்பூரம் தெரியாததால்தான் இந்தத் தப்பு நடந்தது. கற்பூரம் தெரிந்ததால்தான் அந்தத் தப்பு வெளியே வந்தது. மாங்காயை அவர் நறுக்கிய நேரத்துக்கும் குழம்பு இறங்கிய நேரத்துக்கும் நடுவில் எங்கோ ஒரு கதவு திறந்திருக்கிறது. என்ன, எப்படி என்று நான் யாரைக் கேட்பது?

சட்டியை என்ன செய்வது என்று அப்போதும் சம்பந்தியம்மாவிடம் கேட்டேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"வீசுனதே யாராச்சும் திங்கத்தான சம்பந்தி. உங்க வீட்டுக்குன்னு வந்தது இந்த அண்ணன் கையிலயே போய்ச் சேந்திருக்கு. எங்க ஊர்ல மீனும் சாமி குடுக்கறதுதான். உக்காருங்க, ஆறிடப் போவுது."

உட்கார்ந்தோம். எனக்கும் அந்த வாசனை வருகிறதா என்று நாலைந்து வாய் தேடித்தான் கண்டுபிடித்தேன். புளிப்பு முடிகிற இடத்தில், மாங்காய்த் தோலோரம், மெல்லியதாக ஒரு குளிர்ச்சி. அவர் சொல்லாவிட்டால் தெரிந்தே இருக்காது. வருஷக்கணக்காக மூடிக்கிடந்த மூக்கு இதைப் பிடித்திருக்கிறதே என்று சாப்பிடுவதை விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கிக்கொண்டார்.

கை கழுவியதும் கயல் தட்டைக் கொண்டுவந்தாள். காப்பிப் பொடி தெரியவில்லை. பூண்டு தெரியவில்லை. கறிவேப்பிலையை ரொம்ப நேரம் வைத்திருந்து, ஏதோ பச்சையா இருக்கு என்றார். மீன் வாசனையும் அவருக்கு வரவில்லையாம், கற்பூரம் மட்டும்தானாம். அன்று மத்தியானம் ஒரு கற்பூரக் கட்டியைக் கைக்குள் வைத்து மூடி, மோந்து மோந்து பார்த்தபடியே தூங்கிப்போனார். அந்த மாங்காயை ஏன் டப்பாவில் ஒளித்தாய் என்று தூங்கும் முன் கேட்டார். அணில் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காப்பி

சந்தோஷப்பட எனக்குத் துணிச்சல் வரவில்லை. வந்த மாதிரியே போய்விட்டால்? அவரும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். காலையில் எழுந்து கூடத்தில் வந்து உட்கார்ந்தார். நான் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, அடுக்களை வாசல் வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பால் பொங்கிய சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். அவசரமாக இறக்கி, காப்பி கலந்து கொண்டுபோய்க் கொடுத்தேன்.

டம்ளரை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"தீஞ்ச வாடை அடிக்குது."

அவ்வளவுதான், எனக்கு உயிர் போய்விட்டது. பின்னல் போட்டுக்கொண்டிருந்த கயலின் கை நின்றது. கயல் நான் சொல்லிக் கேட்டிருந்த அந்தப் பழைய மாதங்கள் முழுவதும் என் கண்ணில் வந்து போயின. எதை எடுத்தாலும் தீய்ந்த வாடை, தள்ளி வைத்த தட்டுகள், தோளில் தொங்கும் சட்டை. டம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்கு வந்தேன்.

என்ன தோன்றியதோ, மிச்சமிருந்த பாலை வேறு பாத்திரத்தில் ஊற்றிவிட்டு, பால் காய்ச்சிய பாத்திரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன்.

அடியில் பழுப்பாகப் பிடித்திருந்தது. கொஞ்சம் இல்லை, நன்றாகவே தீய்ந்திருந்தது.

கூடத்திலிருந்து அவர் குரல் கேட்டது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு எங்கே பராக்குப் பார்த்துக்கொண்டிருந்தாய், ஒரு பாலைக்கூட ஒழுங்காகக் காய்ச்சத் தெரியாதா என்று ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. தீய்ந்த பாத்திரத்தை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். பதில் சொன்னால் அவர் நிறுத்திவிடுவார் என்பதால், நான் வாயைத் திறக்கவே இல்லை.